பழைய கணினிக்குப் புதிய மூளை

முன்னுரை

கணினி என்றவுடன் இன்று நம் மனக்கண்முன் நிற்பது மடிக்கணினியும் கைப்பேசியுமே ஆகும். அவற்றின் உள்ளே இயங்கும் செயலியை நாம் காண்பதில்லை, மாற்றுவதுமில்லை. செயலி பழையதானால் கருவியையே விலக்கிவிட்டு வேறொன்று வாங்குகிறோம். ஆனால், 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்த எட்டு பிட்டுக் கணினிகளின் வரலாறு வேறு. அவற்றுட் சில, தம்மிடம் இருந்த செயலியோடு வேறொரு செயலியையும் ஏற்றுக்கொண்டன. உடல் பழையது, மூளை புதியது. இஃது எவ்வாறு இயன்றது? இதனால் விளைந்த பயன் யாது? பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதில் கற்கவேண்டிய பாடம் என்ன? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்முள் பலர் தொம்மலூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கின்றனர். அங்கிருந்து எத்திசையில் நடந்தாலும் ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாயிலைக் காணலாம். செயலிகளை வடிவமைக்கும் நிறுவனங்களும் இந்நகரில் பல உள. நாளை நம் தோழர்களுட் சிலர் அவற்றில் பணியேற்பர். இன்றைய செயலி ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அதனை முழுவதும் அறிந்தவர் என்று ஒருவரைச் சுட்டுதல் அரிது. அதனால், ஒரு மாணவன் தன் அறிவுக்குள் முழுவதும் அடக்கிக்கொள்ளக்கூடிய அளவில் உள்ள ஒரு கணினியை ஆராய்வது வீண்வேலை அன்று. அதுவே அடிப்படைக் கல்வி.

சில அடிப்படைகள்

செயலி என்பது நினைவகத்திலிருந்து கட்டளையை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளுணர்ந்து, நிறைவேற்றும் உறுப்பு. அது நினைவகத்தோடு பேசுவதற்கு இரண்டு பாட்டைகள் உள்ளன. எந்த இடம் வேண்டும் என்பதைச் சொல்வது முகவரிப்பாட்டை. அவ்விடத்திலுள்ள மதிப்பைக் கொண்டுவருவதும் கொண்டுசெல்வதும் தரவுப்பாட்டை. எட்டு பிட்டுச் செயலிகளில் தரவுப்பாட்டைக்கு எட்டுக் கம்பிகள். முகவரிப்பாட்டைக்குப் பெரும்பாலும் பதினாறு கம்பிகள். பதினாறு கம்பிகளால் குறிக்கக்கூடிய முகவரிகள் 65,536. அதாவது 64 கிலோபைட்டு. நினைவகம், திரை, விசைப்பலகை, வட்டு ஆகிய அனைத்தும் இந்த 64 கிலோபைட்டு எல்லைக்குள் இடம் பெற்றாகவேண்டும்.

அக்காலத்தில் இரண்டு செயலிகள் பெருவழக்காக இருந்தன. ஒன்று, 1975-இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட 6502. ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்களே கொண்டது. 25 டாலருக்கு விற்கப்பட்டது. மற்றொன்று, 1976-இல் சைலாக் நிறுவனம் வெளியிட்ட இசட்-80. இவ்விரண்டின் கட்டளைமொழிகள் வெவ்வேறானவை. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. தமிழ் மட்டும் அறிந்தவரிடம் சீனமொழிக் கடிதத்தைக் கொடுத்தாற்போல்தான்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆப்பிள்-2, கொமடோர்-64, பி.பி.சி. மைக்ரோ ஆகியவை 6502 குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால், அலுவலகங்களுக்குரிய நல்ல நிரல்கள் பல சி.பி.எம். என்னும் இயங்குதளத்தில் இருந்தன. வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துத் தொகுப்பி அவற்றுள் புகழ்பெற்றது. சி.பி.எம். இயங்குவதற்கு 8080 அல்லது இசட்-80 செயலி தேவை. கையிலிருக்கும் கணினியை விற்றுவிட்டு வேறு வாங்குவதா? அல்லது அதற்கே இரண்டாவது மூளை ஒன்றை அளிப்பதா? பொறியாளர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். அதிலும் இரண்டு முறைகள் தோன்றின.

முதல் முறை: நுகத்தில் மாடு மாற்றுதல்

1977-இல் வெளிவந்த ஆப்பிள்-2 கணினியின் உள்ளே விரிவாக்க அட்டைகளைச் செருகுவதற்குரிய இடங்கள் எட்டு இருந்தன. அந்த இடங்களுக்கு முகவரிப்பாட்டையும் தரவுப்பாட்டையும் முழுமையாகக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. செருகப்படும் அட்டை விரும்பினால் 6502-ஐ நிறுத்திவைத்துத் தானே பாட்டைகளை ஆளலாம். 1980-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இசட்-80 அட்டை இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. சாஃப்ட்கார்டு என்பது அதன் பெயர். விலை 349 டாலர். மென்பொருள் நிறுவனமாகப் பெயர்பெற்ற மைக்ரோசாஃப்ட்டின் முதல் வன்பொருள் அதுவே. அதன் வடிவமைப்பில் உழைத்த டிம் பேட்டர்சன், பின்னாளில் எம்.எஸ்.டாஸ் என்று உலகறிந்த இயங்குதளத்தின் மூலவடிவை எழுதியவர்.

இம்முறையை ஒற்றைமாட்டு வண்டிக்கு ஒப்பிடலாம். வண்டி ஒன்று, நுகம் ஒன்று. ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு வேறொரு மாட்டைப் பூட்டுகிறோம். இரண்டும் சேர்ந்து இழுப்பதில்லை. நினைவகமும் பொதுவானது. எனவே புதிய மாடு பழைய மாட்டின் பழக்கங்களுக்கு இடம்விட்டே நடக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சி.பி.எம். தன் முக்கியமான செய்திகளை முகவரி 0 முதலாகவுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளும். 6502-உம் தன் அவசரத் தேவைகளுக்கு அதே தொடக்கப் பகுதியைத்தான் நாடும். ஒரே திண்ணையில் இருவர் பாய் விரித்தால் சண்டைதானே வரும்! அதனால் சாஃப்ட்கார்டு ஓர் உபாயம் செய்தது. இசட்-80 முகவரி 0 என்று கேட்டால், அட்டையிலுள்ள சுற்று அதனை 4096 என்று மாற்றிக் கொடுத்தது. இசட்-80 தன் வீட்டின் முதல் அறையில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்; உண்மையில் அது நான்கு கிலோபைட்டு தள்ளி இருக்கும். 6502-இன் தொடக்கப்பகுதி கெடாமல் நின்றது.

1985-இல் வந்த கொமடோர்-128 இதனை இன்னும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றது. 6502 குடும்பத்து 8502 ஒன்றும் இசட்-80 ஒன்றும் தொழிற்சாலையிலேயே அதனுள் பொருத்தப்பட்டன. ஆனால் அங்கும் ஒரு நேரத்தில் ஒன்றே ஓடும். மின்விசையைப் போட்டவுடன் முதலில் கண் விழிப்பது இசட்-80 என்பது சுவையான செய்தி.

இரண்டாம் முறை: சமையலறைச் சன்னல்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் பி.பி.சி. மைக்ரோ கணினியை வெளியிட்டது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக்கல்வித் திட்டத்திற்காக உருவானது அது. 6502 செயலி, நொடிக்கு 20 இலட்சம் துடிப்பு, மாடல் பி வகையில் 32 கிலோபைட்டு நினைவகம் ஆகியவை அதன் உறுப்புகள்.

இந்த 32 கிலோபைட்டு போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். மிகத் தெளிவான எழுத்தும் படமும் காட்டும் திரைவகைக்கு 20 கிலோபைட்டு செலவாகும். வட்டு இணைக்கப்பட்டிருந்தால் இயங்குதளத்தின் சொந்தத் தேவைகளுக்கு 6.25 கிலோபைட்டு போகும். மிச்சம் 5.75 கிலோபைட்டு. மாணவன் தன் நிரலை அதற்குள் எழுதி முடிக்கவேண்டும். சிறிய வீட்டில் கூடத்தைப் பெரிதாக அமைத்தால் படுக்கையறை சுருங்குவது போன்ற நிலை இது.

இந்நிலை வரும் என்பதை ஏகார்ன் பொறியாளர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். மலிவான பொதுமக்கள் கணினி செய்வதா, ஆற்றல்மிக்க அலுவலகக் கணினி செய்வதா என்று அந்நிறுவனத்துள் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் தீர்வு பிறந்தது. முன்பகுதிக்கு மலிவான 6502. வேண்டியவர்கள் பின்னர் இணைத்துக்கொள்வதற்கு வேறொரு செயலி. அந்த இணைப்புக்காகக் கணினியின் அடிப்புறத்தில் 40 முனைகள் கொண்ட ஒரு செருகிடம் அமைக்கப்பட்டது. அதற்கு டியூப் என்று பெயரிட்டனர்.

டியூபின் தத்துவத்தை விளக்க நம் விடுதி உணவுக்கூடமே போதும். பரிமாறுபவர் கூடத்தில் நிற்கிறார். சமையற்காரர் உள்ளே இருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு சன்னல். என்ன வேண்டும் என்ற சீட்டு அதன் வழியே உள்ளே போகிறது. தட்டு வெளியே வருகிறது. சமையற்காரர் கூடத்துக்கு வருவதில்லை. பரிமாறுபவர் அடுப்படிக்குப் போவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். சமையற்காரர் மாறினாலும் கூடத்தில் உண்போர்க்குத் தொல்லை இல்லை.

பி.பி.சி. மைக்ரோவிலுள்ள 6502, திரை, விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும். அதனை நாம் வீட்டுச்செயலி என்போம். இணைக்கப்படும் பெட்டியில் உள்ளது விருந்துச்செயலி. விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள் ஆதலின், இப்பெயர் இரு வகையிலும் பொருந்தும். விருந்துச்செயலிக்குத் தனி நினைவகம் உண்டு. இரண்டு செயலிகளின் பாட்டைகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இடையே நிற்பது டியூப் சில்லு ஒன்றே.

அச்சில்லில் நான்கு சன்னல்கள் உள. வீட்டுச்செயலி அவற்றை 65248 முதல் 65255 வரையுள்ள எட்டு முகவரிகளாகக் காண்கிறது. ஒவ்வொரு சன்னலுக்கும் இரண்டு முகவரி: ஒன்று, பொருள் வந்துள்ளதா, இடம் காலியாக உள்ளதா என்று அறிவிக்கும் நிலை முகவரி, மற்றொன்று, பொருளை வைக்கும் தரவு முகவரி. முதற்சன்னல் வழியே திரைக்குரிய எழுத்துகள் செல்லும். இதில் விருந்துச்செயலியின் பக்கத்திலிருந்து 24 பைட்டுகள் வரை வரிசையில் காத்திருக்கலாம். இரண்டாம் சன்னல் விடை எதிர்பார்க்கும் கோரிக்கைகளுக்கு உரியது. விசைப்பலகையில் எந்த விசை அழுத்தப்பட்டது என்று கேட்பது போன்றவை. மூன்றாம் சன்னல், வட்டிலிருந்து பெருந்தொகையான தரவு விரைந்து செல்லும் வழி. நான்காம் சன்னல் பிழை அறிவிப்புக்கும், மூன்றாம் சன்னலின் போக்குவரத்தைத் தொடங்கி வைப்பதற்கும் பயன்படுவது.

ஓர் எழுத்தின் பயணம்

இதனைத் தமிழ் எழுத்தைக் கொண்டே விளக்குவோம். பி.பி.சி. மைக்ரோவில் ஓர் எழுத்து, எட்டு வரிசையும் எட்டுப் பத்தியும் கொண்ட கட்டத்துள் அமையும். ஒவ்வொரு வரிசையும் ஒரு பைட்டு. ஆகவே எட்டு எண்களால் ஓர் எழுத்தின் வடிவத்தைச் சொல்லிவிடலாம். 224 முதலான குறியெண்கள் பயனர் தாமே வரையும் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டவை.

பகரத்தை எடுத்துக்கொள்வோம். இடப்புறம் ஒரு நேர்கோடு, வலப்புறம் ஒரு நேர்கோடு, அடியில் ஒரு கிடைக்கோடு. வரிசையின் இருபுறக் கோடுகளுக்கும் உரிய எண் 66. அதாவது 64-உம் 2-உம். அடிக்கோட்டுக்கு 126. எனவே பகரம் என்பது 66, 66, 66, 66, 66, 66, 126, 0. டகரத்துக்கு வலப்புறக் கோடு இல்லை. ஆதலால் அது 64, 64, 64, 64, 64, 64, 126, 0. இந்த எட்டு எண்களின் முன்னே, இது எழுத்து வரையும் கட்டளை என்று உணர்த்தும் 23 என்னும் எண்ணையும், எந்தக் குறியெண்ணுக்கு உரியது என்பதைக் காட்டும் 224 அல்லது 225-ஐயும் சேர்த்தால், ஓர் எழுத்துக்குப் பத்துப் பைட்டுகள். இரண்டு எழுத்துக்கும் இருபது. பின்னர் 224, 225 என்று இரண்டு பைட்டுகளை அனுப்பினால் திரையில் ‘பட’ என்று தோன்றும். ஆக மொத்தம் 22 பைட்டுகள்.

விருந்துச்செயலியில் ஓடும் நிரல் இந்த 22 பைட்டுகளையும் ஒவ்வொன்றாக, எழுத்து அச்சிடும் இயங்குதள அழைப்பிடம் கொடுக்கிறது. 6502 செயலிகளில் அவ்வழைப்பின் முகவரி 65518. கணினியிலும் அதுவே, இணைத்த பெட்டியிலும் அதுவே. பெட்டியிலுள்ள சிறிய கட்டுப்பாட்டு நிரல், முதற்சன்னலில் இடம் இருக்கிறதா என்று நிலை முகவரியைப் பார்க்கிறது. இருந்தால் பைட்டை வைக்கிறது. வரிசையில் 24 இடங்கள் இருப்பதால், காலியாக இருந்த வரிசையில் நம் 22 பைட்டுகளும் ஒருமுறைகூடக் காத்திராமல் உள்ளே அடங்கிவிடுகின்றன. விருந்துச்செயலி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. மறுபுறத்தில் வீட்டுச்செயலி தன் வேகத்தில் அவற்றை எடுத்து, எழுத்தின் வடிவத்தைத் தன் நினைவகத்தில் பதித்து, திரையில் வரைகிறது.

இங்கே நாம் உற்றுநோக்கவேண்டியது ஒன்று உண்டு. பகரத்தின் வடிவம் எங்கே புள்ளியாக ஒளிர்கிறது, திரை நினைவகம் எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் விருந்துச்செயலி அறியாது, அறியவும் வேண்டுவதில்லை. அதே 22 பைட்டுகளை இசட்-80 அனுப்பினாலும், முப்பத்திரண்டு பிட்டுச் செயலி ஒன்று அனுப்பினாலும் திரையில் அதே ‘பட’தான் தோன்றும். தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தொம்பலூர் என்பது அந்நாளில் இவ்வூருக்கு வழங்கிய பெயர். கல்லில் வெட்டிய சிற்பி எந்த உளி கொண்டு வெட்டினான் என்பதை அறியாமலே நாம் எழுத்தைப் படிக்கிறோம் அன்றோ? எழுத்து என்னும் உடன்பாடு நிலைத்திருந்தால் கருவி மாறலாம். டியூபின் உயிர்க்கருத்தும் அதுவே.

ஒழுங்கின் பயன்

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நிரல் எழுதுபவன் சன்னல் வழியாகவே பேசவேண்டும். சுவர் ஏறிக் குதித்தல் கூடாது. பி.பி.சி. மைக்ரோவின் ஏழாம் திரைவகையில் திரை நினைவகம் 31744 என்னும் முகவரியில் தொடங்கும். அங்கே 65 என்ற எண்ணை நேராக எழுதினால் திரையின் இடது மேல்மூலையில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து தோன்றும். இது விரைவான வழி. விளையாட்டு நிரல்கள் பலவும் இவ்வாறே எழுதப்பட்டன. ஆனால் இரண்டாவது செயலியை இணைத்தபின் அதே கட்டளை என்ன செய்யும்? விருந்துச்செயலியின் சொந்த நினைவகத்தில் 31744-ஆம் இடத்தில் 65-ஐ எழுதும். திரையில் ஒன்றும் தோன்றாது. குறுக்குவழியில் சென்ற நிரல்கள் எல்லாம் இவ்வாறு வாயடைத்துப் போயின. இயங்குதள அழைப்புகளையே பயன்படுத்திய நிரல்கள், ஓர் எழுத்தும் மாற்றாமல், புதிய செயலியில் முன்னிலும் விரைவாக ஓடின.

எவ்வளவு பயன் கிடைத்தது? ஏகார்ன் 1984-இல் வெளியிட்ட 6502 இரண்டாம் செயலிப் பெட்டியில் 64 கிலோபைட்டு நினைவகமும், நொடிக்கு 30 இலட்சம் துடிப்புள்ள 6502 குடும்பச் செயலியும் இருந்தன. திரைக்கு ஒரு பைட்டும் செலவிட வேண்டாமையால், பேசிக் மொழி நிரலுக்கு 30 கிலோபைட்டு கிடைத்தது. உயர்ந்த முகவரியில் அமரும்படி மாற்றிய பேசிக்கைப் பயன்படுத்தினால் 44 கிலோபைட்டு. முன்பு 5.75 கிலோபைட்டில் நெருக்கடிப்பட்ட மாணவனுக்கு இது பெருநிலம். அவ்வாண்டிலேயே சி.பி.எம். ஓட்டும் இசட்-80 பெட்டியும் வந்தது. பின்னர் 32016 என்னும் முப்பத்திரண்டு பிட்டுச் செயலியும், 1986-இல் மாஸ்டர் கணினிக்கு 80186 செயலியும் இதே வழியில் இணைந்தன. சன்னல் ஒன்றே, சமையற்காரர் பலர்.

துணையாக வந்தது தலைமை ஏற்றது

1983-இல் ஏகார்ன் பொறியாளர்கள் தங்கள் அடுத்த கணினிக்கு ஏற்ற செயலியைத் தேடினர். சந்தையிலிருந்த எதுவும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகில் 6502-இன் வழித்தோன்றலை வடிவமைத்துக்கொண்டிருந்த நிறுவனத்தை நேரில் சென்று பார்த்தனர். அது மிகச் சிறிய நிறுவனம். இத்தனை சிலரால் ஒரு செயலியை வடிவமைக்க இயலுமாயின் நம்மால் ஏன் இயலாது என்ற துணிவு அவர்களுக்குப் பிறந்தது. சோபி வில்சன் கட்டளைத் தொகுதியை வகுத்தார். ஸ்டீவ் ஃபர்பர் சில்லின் அமைப்பை வகுத்தார்.

புதிய செயலி சரியாக இயங்குமா என்பதை, அது பிறப்பதற்கு முன்னே சோதிக்கவேண்டும். அதற்காக வில்சன் எழுதிய மாதிரி நிரல் பேசிக் மொழியில் அமைந்தது. அது ஓடியது எந்தக் கணினியில் தெரியுமா? 6502 இரண்டாம் செயலி இணைக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோவில்தான். 1985 ஏப்ரல் 26 அன்று சில்லு தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதுவும் டியூப் வழியாகப் பி.பி.சி. மைக்ரோவிலேயே இணைக்கப்பட்டு இயங்கத் தொடங்கியது. திரை, விசைப்பலகை, வட்டு எதையும் புதிதாகச் செய்யவேண்டிய தேவை எழவில்லை; அவையெல்லாம் சன்னலுக்கு அப்பால் ஆயத்தமாக இருந்தன. அந்தச் செயலியின் பெயர் ஆர்ம். அதில் ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட 80386-இல் 2,75,000.

அச்சில்லின் மின்செலவை அளக்க முயன்றபோது அளவுமானி சுழியைக் காட்டியதாம். ஆராய்ந்து பார்த்தபோது மின்னிணைப்பே கொடுக்கப்படாமல் இருந்ததும், பிற கம்பிகளின் வழியே கசிந்த சிறு மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கியதும் தெரியவந்தன என்று ஃபர்பர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அப்பண்பே, கைப்பேசிகளில் ஆர்ம் செயலி இடம் பெறக் காரணமாயிற்று. 1990-இல் ஆர்ம் தனி நிறுவனமாயிற்று. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியை இயக்குவது பெரும்பாலும் அவ்வழிவந்த செயலியே. அந்நிறுவனத்தின் வடிவமைப்பு மையம் ஒன்று நம் பெங்களூரிலும் உள்ளது. எட்டு பிட்டுக் கணினிக்குத் துணையாக ஒட்டவைத்த மூளை உலகையே ஆளும் நிலைக்கு வந்தது. 1981-இல் அந்த 40 முனைச் செருகிடத்தைச் செலவு என்று கருதி விலக்கியிருந்தால், 1985-இல் ஆர்ம் செயலி இவ்வளவு எளிதாகக் கண் விழித்திராது.

நம் நாட்டில்

பி.பி.சி. மைக்ரோ நமக்கு அயலானது அன்று. 1984-இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக்கல்வியைத் தொடங்கிய போது தேர்ந்தெடுத்தது இக்கணினியையே. கிளாஸ் என்று சுருக்கமாக வழங்கிய அத்திட்டத்தில், முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகள் இடம்பெற்றன. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் பி.பி.சி. மைக்ரோவை இந்தியாவில் உருவாக்கியது.

அதே கணினி, அதே சன்னல். ஆயினும் கேம்பிரிட்ஜில் விளைந்தது இங்கே விளையவில்லை. ஏன்? அறிவுக்குறைவு என்று சொல்வது பேதைமை. அங்கே அக்கணினி திறந்து பார்க்கவும் இணைத்துப் பார்க்கவும் உரிய கருவியாக இருந்தது. நம் பள்ளிகள் பலவற்றில் அது பூட்டிய அறையில் துணி போர்த்திய காட்சிப்பொருளாக இருந்தது. கெட்டுவிடுமோ என்ற அச்சம் கற்கும் ஆர்வத்தை விழுங்கிற்று. இணைப்புச் செருகிடம் கணினியின் அடிப்புறத்தில் இருந்தது. ஆனால் கணினியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க மாணவனுக்கு உரிமை இல்லை! கருவியை வாங்கினோம், அதனைக் கையாளும் துணிவை வாங்கமுடியவில்லை. அது கடையில் கிடைப்பதன்று.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1989-இல் தீவிபத்தால் பெரும் இழப்புற்ற அந்த மொகாலி நிறுவனம் மீண்டெழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014-இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டத்தின் சில்லு ஒன்று, 2018-இல் அங்கேதான் 180 நானோமீட்டர் முறையில் உருவாயிற்று. ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது சக்தி. கட்டளைத் தொகுதிக்கு உரிமத்தொகை கட்டவேண்டாம். வடிவமைப்பை எவரும் படிக்கலாம், மாற்றலாம். திறந்த சன்னல் ஒன்று மீண்டும் நம் முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. இம்முறை அதனைப் போர்வையிட்டு மூடுவதும், திறந்து பார்ப்பதும் நம் தலைமுறையின் கையில் உள்ளது.

செய்து பார்க்க

படிப்பதோடு அமையாமல் செய்தும் பார்க்கவேண்டும். கணினி இல்லாதோர், பி.பி.சி. மைக்ரோவைப் போல நடிக்கும் பீப்எம் போன்ற நிரல்களைத் தம் மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அதில் இரண்டாம் செயலிகளையும் இணைக்கும் வசதி உண்டு. மேலே சொன்ன பகர, டகரக் கட்டளைகளை முதலில் தனிக்கணினியிலும், பின்னர் இரண்டாம் செயலியுடனும் ஓட்டுக. அதன்பின் 31744-இல் நேராக 65-ஐ எழுதிப் பார்க்க. பாடம் தானே விளங்கும்.

பழைய கணினியே கிடைக்கப்பெற்றோர் ஒரு முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும். அதன் மின்வழங்கியிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் நாற்பதாண்டுகளில் வெடிப்புற்றிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் நேராக இணைத்தால் புகை கக்கும். எனவே மின்பணி அறிந்த ஒருவரைக்கொண்டு அவற்றை முதலில் மாற்றவேண்டும். அடுத்து, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை டியூபில் இணைத்து, அதனையே இரண்டாம் செயலியாக நடிக்கவைக்கும் பைடியூப்டைரக்ட் என்னும் திறந்த மென்பொருள் கிடைக்கிறது. 6502, இசட்-80, 6809, 32016, ஆர்ம் எனப் பல வேடங்களை அது தாங்கும். டியூபில் 5 வோல்ட். ராஸ்பெர்ரி பைக்கு 3.3 வோல்ட். நேராக இணைத்தால் சிறு கணினி கெடும். இடையே மின்னழுத்தம் மாற்றும் சில்லு கட்டாயம் வேண்டும். இத்தகைய உறுப்புகள் நம் நகரின் எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும். ராஸ்பெர்ரி பையின் உள்ளே இருப்பதும் ஆர்ம் செயலியே. தான் பிறந்த வீட்டுச் சன்னலுக்குப் பேரப்பிள்ளை திரும்பி வந்தாற்போன்றது இது.

முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். ஒரு கணினிக்கு மாற்றுச் செயலி சேர்க்க இரண்டு வழிகள். ஒன்று, பாட்டையையே புதியவனிடம் ஒப்படைப்பது; அது சிக்கனமானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே உழைப்பர். மற்றொன்று, இருவருக்கும் தனித்தனி இடமளித்து இடையே ஒழுங்கான சன்னல் வைப்பது. அதற்குச் செலவு மிகுதி, ஆனால் எத்தனை தலைமுறைச் செயலி வந்தாலும் அது நிற்கும். சன்னலை மதித்த நிரல்கள் வாழ்ந்தன. சுவர் ஏறிக் குதித்தவை வீழ்ந்தன.

தோழர்களே! நாளை நீங்கள் ஒரு சுற்றையோ நிரலையோ வடிவமைக்கும்போது, இன்றைய தேவைக்கு வேண்டாத ஒரு வாயிலை விட்டுவைப்பது வீண்செலவு என்று எவரேனும் சொல்லக்கூடும். அப்போது கேம்பிரிட்ஜ் பொறியாளர்கள் விட்டுவைத்த அந்த 40 முனைகளை நினைவில் கொள்ளுங்கள். நம் கைக்கு வரும் கருவி எதுவாயினும் அதனைத் திருப்பிப் பார்க்கும் துணிவைக் கைவிடாதீர்கள்.

பயிற்சி

1. ஏழாம் திரைவகைக்கு 1 கிலோபைட்டு போதும். வட்டு இணைத்த மாடல் பி கணினியில் அப்போது நிரலுக்கு எஞ்சுவது எவ்வளவு?

2. சாஃப்ட்கார்டு முகவரிகளை 4096 தள்ளி வைத்தது ஏன்? டியூப் முறையில் அத்தகைய மாற்றம் வேண்டாமைக்குக் காரணம் என்ன?

3. மகரத்தையும் ழகரத்தையும் எட்டு எட்டு எண்களாக எழுதுக. எட்டுப் புள்ளி அகலத்தில் ழகரம் தெளிவாக அமைகிறதா? அமையாவிட்டால் இரண்டு குறியெண்களை அடுத்தடுத்து வைத்து ஓர் எழுத்தாக்க முயல்க.